ஆவணமே இல்லாத பழைய சி / சி++ கோட்: எந்தக் கருவி, எந்த வரிசையில்?

#1 · வரி_எண்

வணக்கம். சுமார் நான்கு லட்சம் வரி கோட். முக்கால்வாசி சி, மேலடுக்கு மட்டும் சி++. பில்ட் முழுக்க மேக்ஃபைல். ஓடுவது ஆர்ம் போர்டில். கம்பைலர் ஜிசிசி கிராஸ் டூல்செயின் (கணினியில் கம்பைல் செய்து போர்டில் ஓட்டுவதற்கானது). ஒரே சோர்ஸிலிருந்து மூன்று தயாரிப்பு வகைகள் வருகின்றன, வேறுபாடு எல்லாம் இஃப்டெஃப்பால் (கோடின் ஒரு பகுதியைக் கம்பைலில் சேர்ப்பதா விடுவதா என்று சொல்லும் நிபந்தனை) பிரிக்கப்பட்டிருக்கிறது. எழுதியவர்கள் யாரும் இப்போது கிடையாது, ஆவணமும் கிடையாது.

டாக்சிஜென் (கோடிலிருந்து ஆவணப் பக்கங்களை உருவாக்கும் கருவி) ஓட்டிப் பார்த்தாயிற்று. ஆயிரக்கணக்கில் பக்கங்கள் வந்தன, படிக்க முடியவில்லை. கால் கிராஃப் (எந்த ஃபங்ஷன் எதை அழைக்கிறது என்ற படம்) பல இடங்களில் சிவப்புப் பெட்டியோடு நின்றுவிடுகிறது. சில ஃபங்ஷன்களை யாருமே அழைக்கவில்லை என்று காட்டுகிறது, ஆனால் போர்டில் அவை ஓடுவது லாகில் தெரிகிறது.

கேள்வி இரண்டு. படித்துப் புரிந்துகொள்ள எந்தக் கருவியில் தொடங்குவது? புரிந்ததை எப்படிப் பதிந்து வைத்தால் ஆறு மாதத்தில் பழசாகிப் போகாமல் இருக்கும்?

#2 · தொகுப்பி

டாக்சிஜெனை இப்போதைக்கு ஓரமாக வையுங்கள். முதல் வேலை கம்பைல் டேட்டாபேஸ். ஒவ்வொரு சோர்ஸ் கோப்பும் எந்தக் கட்டளையில், எந்த இன்க்ளூட் பாதைகளோடு, எந்த மேக்ரோக்களோடு கம்பைல் ஆகிறது என்று வரிசையாகப் பதிந்திருக்கும் ஜேசான் கோப்பு அது. பெயர் ‘கம்பைல் கமாண்ட்ஸ்’. கிளாங்டி (எடிட்டருக்குப் பின்னால் ஓடி கோடைப் பகுத்துத் தரும் நிரல்), கிளாங் டைடி, சிபிபிசெக் (இரண்டும் கோடில் பிழை தேடுபவை) எல்லாம் இதைத்தான் படிக்கும். அது இல்லாவிட்டால் ஒவ்வொரு கருவியும் இன்க்ளூட் பாதையை ஊகிக்கும். ஊகம் தப்பினால் ஒரு ஹெடர் விட்டுப்போகும், அதிலுள்ள டைப் தெரியாமல் போகும், அதைப் பயன்படுத்தும் ஃபங்ஷனே இன்டெக்ஸில் விழாது. பெரும்பாலான கருவிகள் இதைச் சத்தமில்லாமல் செய்துவிடும் என்பதுதான் ஆபத்து.

சிமேக் ஆக இருந்தால் ‘எக்ஸ்போர்ட் கம்பைல் கமாண்ட்ஸ்’ மாறியை ஆன் செய்தால் போதும் (மேக்ஃபைல், நிஞ்ஜா ஜெனரேட்டர்களுக்கு மட்டும்தான் வேலை செய்யும்). உங்களுடையது வெறும் மேக்ஃபைல் என்பதால் ‘பேர்’ (ஆங்கிலத்தில் கரடி) என்ற கருவி. மேக் கட்டளைக்கு முன்னால் அதைப் போட்டு ஓட்டினால், உள்ளே நடக்கும் ஒவ்வொரு கம்பைலர் அழைப்பையும் பிடித்து எழுதிக்கொள்ளும். பதிப்பு 3 முதல் பேர் என்ற பெயருக்கும் மேக்குக்கும் நடுவில் இரட்டைக் கோடு கட்டாயம். பழைய கட்டுரைகளில் அது இருக்காது.

பேர் கண்ணால் பார்த்ததை மட்டும்தான் எழுதும். பாதி ஆப்ஜெக்ட் கோப்புகள் ஏற்கெனவே கம்பைல் ஆகியிருந்தால் டேட்டாபேஸும் பாதிதான் வரும். அதனால் மேக் கிளீன் செய்துவிட்டு முழு பில்ட் ஓட்டுங்கள். முடிந்ததும் ஜேசானில் எத்தனை பதிவு, ஆப்ஜெக்ட் கோப்புகள் எத்தனை என்று எண்ணி ஒப்பிடுங்கள். இரண்டும் பொருந்தாமல் அடுத்த படிக்குப் போகாதீர்கள்.

#3 · சுட்டி

தொகுப்பி சொன்னது சரி. ஆனால் இவருக்கு மூன்று வகை பில்ட் இருக்கே. கிளாங்டி ஒரு நேரத்துல ஒரு பில்டைத்தான் பார்க்கும். அந்த பில்டில் ஆன் ஆகாத இஃப்டெஃப் பகுதி அதுக்கு வெறும் சாம்பல் நிற எழுத்து. அங்க இருக்கிற அழைப்பு எதுவும் ரெஃபரன்ஸ் தேடலில் வராது. ஒரு ஃபங்ஷனை ‘ஒரே இடத்துலதான் கூப்பிடுறாங்க’ன்னு நம்பி அதோட ஆர்கியுமென்ட்டை மாத்தினா, மத்த இரண்டு வகையும் உடையும்.

அதனால சிஸ்கோப்பை விட்டுடாதீங்க. பெல் லேப்ஸில் பிறந்த பழைய கோட் தேடல் கருவிதான், 2000-இல் ஓப்பன் சோர்ஸ் ஆச்சு. அது ப்ரீப்ராசசரை ஓட்டாது. எழுத்தை எழுத்தாவே படிக்கும். அந்தக் குறையே இங்க உங்களுக்கு வரம், ஏன்னா எந்த இஃப்டெஃப் கிளையா இருந்தாலும் கண்ணுல படும்.

ஓட்டும் முறை: முதல்ல ஃபைண்ட் கட்டளையால சோர்ஸ், ஹெடர், அசெம்பிளி கோப்புகளோட பட்டியலை எடுத்து ‘சிஸ்கோப் டாட் ஃபைல்ஸ்’ங்கிற கோப்புல போடுங்க. அப்புறம் பி, க்யூ, கே மூணு ஆப்ஷனோட ஓட்டுங்க. பி-ன்னா டேட்டாபேஸை மட்டும் கட்டு, திரையைத் திறக்காதே. க்யூ-ன்னா தலைகீழ் இன்டெக்ஸும் சேர்த்துக் கட்டு; இது இல்லாட்டி நான்கு லட்சம் வரியில தேடல் மந்தமாயிடும். கே-ன்னா உங்க கம்ப்யூட்டரோட சிஸ்டம் ஹெடர்களைத் தொடாதே. கிராஸ் பில்டுக்கு இந்தக் கே ரொம்ப முக்கியம், இல்லேன்னா போர்டுக்குச் சம்பந்தமே இல்லாத ஹெடர் உள்ள வந்து குழப்பும்.

சி++ பகுதிக்கு சிஸ்கோப் சரிப்படாது. நேம்ஸ்பேஸ், ஓவர்லோடிங், டெம்ப்ளேட் எதையும் அதால பிரிச்சுப் பார்க்க முடியாது. அங்க கிளாங்டியேதான்.

#4 · வரி_எண்

பேர் ஓட்டியாயிற்று, எண்ணிக்கையும் பொருந்துகிறது. ஆனால் கிளாங்டி எந்தக் கோப்பைத் திறந்தாலும் முதல் வரியிலேயே சிஸ்டம் ஹெடர் கிடைக்கவில்லை என்கிறது. கூடவே தெரியாத ஆப்ஷன் என்று இரண்டு மூன்று பிழைகள். ஜிசிசியில் சுத்தமாகக் கம்பைல் ஆகும் கோப்புதான்.

#5 · தொகுப்பி

கிராஸ் கம்பைலரில் எல்லோருக்கும் வருவது. ஜிசிசிக்குத் தன் சொந்த ஹெடர்கள் எங்கே என்று உள்ளுக்குள்ளேயே தெரியும், அதனால் கட்டளையில் அந்தப் பாதை இருக்காது. கிளாங்டி கட்டளையை மட்டும் பார்ப்பதால் அதற்குத் தெரிவதில்லை. கிளாங்டியைத் தொடங்கும்போது ‘க்வெரி டிரைவர்’ ஆப்ஷனில் உங்கள் கிராஸ் கம்பைலரின் முழுப் பாதையைக் கொடுங்கள், நட்சத்திரக் குறியும் ஏற்கும். கிளாங்டி அந்தக் கம்பைலரையே ஓட்டிக் கேட்டு, ஹெடர் பாதைகளையும் டார்கெட்டையும் வாங்கிக்கொள்ளும். பாதுகாப்புக்காக இது இயல்பில் அணைத்து வைக்கப்பட்டிருக்கிறது. டேட்டாபேஸில் எழுதியிருக்கும் எந்த நிரலையும் கண்மூடித்தனமாக ஓட்டக் கூடாது அல்லவா.

தெரியாத ஆப்ஷன் பிழைகள் ஜிசிசிக்கு மட்டுமே உரியவற்றால் வருபவை. புராஜெக்டின் வேர் அடைவில் ‘டாட் கிளாங்டி’ என்ற கோப்பை உருவாக்கி, கம்பைல் ஃப்ளாக்ஸ் பகுதியில் ரிமூவ் பட்டியலில் அவற்றைச் சேர்த்துவிடுங்கள். ஜேசானைக் கையால் திருத்த வேண்டாம், அடுத்த பில்டில் போய்விடும்.

எடிட்டரைத் திறக்காமலே சோதிக்க கிளாங்டியில் ‘செக்’ ஆப்ஷன் இருக்கிறது. ஒரு கோப்பின் பெயரைக் கொடுத்தால், எந்தக் கட்டளையைப் பயன்படுத்தியது, என்ன பிழை என்று எல்லாம் திரையில் வரும். ஐந்தாறு கோப்புகளில், வெவ்வேறு அடைவுகளில், பிழை சுழியம் ஆகும்வரை இதை மட்டுமே பாருங்கள்.

இன்னும் இரண்டு. ஹெடர் கோப்புகளுக்கு டேட்டாபேஸில் தனிப் பதிவு இருக்காது. பக்கத்தில் உள்ள சோர்ஸ் கோப்பின் கட்டளையைக் கிளாங்டி கடன் வாங்கிக்கொள்ளும். அதனால் தன் தேவைகளைத் தானே இன்க்ளூட் செய்யாத ஹெடர் சிவந்துதான் தெரியும். அது கருவியின் தவறல்ல, அந்த ஹெடரின் தவறு. அடுத்து, பில்ட் கன்டெய்னருக்குள்ளும் எடிட்டர் வெளியிலும் இருந்தால் ஜேசானில் உள்ள முழுப் பாதைகள் பொருந்தாது. அதற்குக் கிளாங்டியையும் கன்டெய்னருக்குள் ஓட்டி, ‘பாத் மேப்பிங்ஸ்’ ஆப்ஷனைக் கொடுக்க வேண்டும்.

#6 · அடுக்கு

டாக்சிஜென் பற்றி நான் சொல்கிறேன். 1997-இல் இருந்து வரும் கருவி, இயல்பு அமைப்புகள் பல சின்ன புராஜெக்டை மனதில் வைத்தவை. நான்கு லட்சம் வரிக்கு அப்படியே ஓட்டினால் நீங்கள் பார்த்த குவியல்தான் கிடைக்கும்.

சிவப்புப் பெட்டி ஏன் என்றால், ஒரு படத்தில் அதிகபட்சம் 50 கணுக்கள் என்ற வரம்பு. ‘டாட் கிராஃப் மேக்ஸ் நோட்ஸ்’ என்ற அமைப்பு அது. அதைத் தாண்டியதும் வெட்டிவிட்டு, வெட்டிய இடத்தைச் சிவப்பாகக் காட்டும். ஒரு ஃபங்ஷன் நேரடியாக அழைப்பவையே 50-க்கு மேல் என்றால் படமே வராது. வரம்பை 500 ஆக்கத் தோன்றும். ஆக்காதீர்கள், திரையில் நூலுருண்டைதான் மிஞ்சும். ‘மேக்ஸ் டாட் கிராஃப் டெப்த்’ 0 என்று இருக்கும், அதாவது ஆழத்துக்கு வரம்பில்லை. அதை 2 அல்லது 3 ஆக்குங்கள். பட வடிவத்தை எஸ்விஜி ஆக்கி, ‘இன்டராக்டிவ் எஸ்விஜி’யை ஆன் செய்தால் பெரிதாக்கி நகர்த்திப் பார்க்கலாம். லேடெக் வெளியீடு இயல்பில் ஆன், அணைத்துவிடுங்கள், நேரம் மிச்சம்.

அடுத்தது மேக்ரோ. உங்கள் கோடில் ஃபங்ஷனை அறிவிக்கவே மேக்ரோ பயன்படுத்தியிருப்பார்கள், அல்லது அட்ரிபியூட் ஒட்டியிருப்பார்கள். டாக்சிஜென் இயல்பில் மேக்ரோக்களை விரிக்காது. அப்போது அந்த மேக்ரோவின் பெயரையே ஃபங்ஷனாக எண்ணிக்கொண்டு, உண்மையான பெயரை விட்டுவிடும். ‘மேக்ரோ எக்ஸ்பான்ஷன்’ ஆன், ‘எக்ஸ்பாண்ட் ஒன்லி ப்ரீடெஃப்’ ஆன், பிறகு ‘ப்ரீடிஃபைன்ட்’ பட்டியலில் தொல்லை தரும் மேக்ரோக்களை மட்டும் எழுதுங்கள். அட்ரிபியூட்டுக்கு வலப்பக்கம் காலியாக விட்டால் அது மறைந்துவிடும். சரியாக விரிகிறதா என்று பார்க்க டி ஆப்ஷனோடு ‘ப்ரீப்ராசசர்’ என்று கொடுத்து ஓட்டினால், விரித்த பிறகு டாக்சிஜென் பார்க்கும் வரிகளையே அச்சிட்டுக் காட்டும்.

மிக முக்கியமான ஒன்றைக் கடைசியில் சொல்கிறேன். ‘எக்ஸ்ட்ராக்ட் ஆல்’ ஆன் செய்திருப்பீர்கள். அதை ஆன் செய்த கணமே, ஆவணம் இல்லாத ஃபங்ஷன்களைப் பற்றிய எச்சரிக்கை தானாக அணைந்துவிடும். எல்லாமே ஆவணப்படுத்தப்பட்டவை என்று அது பாவித்துக்கொள்வதுதான் காரணம். எது விட்டுப்போயிருக்கிறது என்று தெரிய வேண்டுமானால் அதை அணைத்தே ஆக வேண்டும்.

அணைத்தவுடன் இன்னொரு அதிர்ச்சி வரும். சி ஃபங்ஷன்களுக்கு மேலே அழகாகக் கமெண்ட் எழுதியிருந்தாலும் பக்கத்தில் வராது. காரணம், உலகளாவிய ஃபங்ஷன், எனம், மேக்ரோ இவையெல்லாம் ஆவணத்தில் வர, அவை இருக்கும் கோப்புக்கே ஒரு கமெண்ட் இருக்க வேண்டும். ஹெடரின் தலையில் ‘ஃபைல்’ கட்டளையோடு ஒரு பிளாக் போட்டால் எல்லாம் தோன்றிவிடும். பலர் இங்கேதான் மனம் வெறுத்து ‘எக்ஸ்ட்ராக்ட் ஆல்’ஐத் திரும்ப ஆன் செய்துவிடுகிறார்கள்.

#7 · சுட்டி

> சில ஃபங்ஷன்களை யாருமே அழைக்கவில்லை என்று காட்டுகிறது

இதுக்கு இன்னும் யாரும் பதில் சொல்லலை. ஆர்ம் போர்டுன்னு சொன்னதால மூணு இடத்தைப் பாருங்க.

ஒண்ணு, ஃபங்ஷன் பாயிண்டர் டேபிள். ஒரு ஸ்ட்ரக்ட்டுக்குள்ள ஓப்பன், ரீட், ரைட்னு பாயிண்டர் உறுப்புகள் இருக்கும். டிரைவர் கோப்புல அந்த ஸ்ட்ரக்ட்டை ஃபங்ஷன் பெயர்களால நிரப்பியிருப்பாங்க. அழைப்பு நடக்கிற இடத்துல ஃபங்ஷனோட பெயரே இருக்காது, உறுப்போட பெயர்தான் இருக்கும். எந்த நிலையான கால் கிராஃப்பும் இங்க அறுந்துதான் போகும். சிஸ்கோப்பில் ‘யார் அழைக்கிறார்கள்’னு தேடாம, ஃபங்ஷன் பெயரை வெறும் சிம்பலா தேடுங்க. டேபிள் கிடைக்கும். அப்புறம் டேபிள்ல அது எந்த உறுப்புக்கு எதிரே இருக்குன்னு பார்த்து, உறுப்போட பெயரைத் தேடுங்க. அழைக்கிற இடம் கிடைக்கும். ஓடும்போது பதிவு செய்யற பாயிண்டரா இருந்தா ‘இந்தச் சிம்பலுக்கு மதிப்பு தரும் இடங்கள்’ங்கிற தேடல் இருக்கு, அது பட்டியலோட கடைசியில இருக்கும், பலர் கவனிக்கிறதில்லை.

ரெண்டு, இன்டரப்ட் வெக்டர் டேபிள், அதாவது எந்த இன்டரப்டுக்கு எந்த ஃபங்ஷன் ஓடணும்ங்கிற பட்டியல். இது அசெம்பிளி கோப்புல இருந்தா டாக்சிஜெனுக்குக் கண்ணே தெரியாது. அதுலயும் ஒரு நுணுக்கம்: ஸ்டார்ட்அப் கோப்புல எல்லா ஹேண்ட்லருக்கும் வீக் வகையில ஒரு வெற்று ஃபங்ஷன் வச்சிருப்பாங்க. உங்க சி கோப்புல அதே பெயர்ல ஒண்ணு எழுதினா லிங்கர் அதை எடுத்துக்கும். பெயர்ல ஒரு எழுத்து மாறினாலும் பிழை வராது, வெற்று ஃபங்ஷனே ஓடும். அதனால சோர்ஸை நம்பாதீங்க, லிங்கரோட மேப் கோப்பைப் பாருங்க. எந்த ஆப்ஜெக்ட்ல இருந்து எந்த சிம்பல் வந்ததுன்னு அதுல தெளிவா இருக்கும்.

மூணு, லிங்கர் செக்‌ஷன். ஒரு மேக்ரோ ஃபங்ஷனோட முகவரியைத் தனிச் செக்‌ஷன்ல போட்டிருக்கும். தொடங்கும்போது ஒரு லூப், அந்தச் செக்‌ஷனோட தொடக்கத்துல இருந்து முடிவு வரைக்கும் ஒவ்வொண்ணா அழைக்கும். சி கோடில் யாரும் அந்தப் பெயரைச் சொல்லவே மாட்டாங்க. லிங்கர் ஸ்கிரிப்ட்ல ‘கீப்’ போட்டிருக்கிற செக்‌ஷன்களைப் பார்த்தா இது எங்கெல்லாம் நடக்குதுன்னு பிடிபடும்.

ஜிசிசி 10 அல்லது அதுக்கு மேல இருந்தா ‘கால்கிராஃப் இன்ஃபோ’ ஆப்ஷனும் இருக்கு. கம்பைலரே ஒவ்வொரு கோப்புக்கும் ஒரு கிராஃப் கோப்பை எழுதும். மேக்ரோ குழப்பம் எதுவும் இல்லாத, கம்பைலர் உண்மையில பார்த்த அழைப்புகள். பாயிண்டர் வழி அழைப்பை ‘இன்டைரக்ட் கால்’னு ஒரு பொதுக் கணுவுக்குக் கோடு போட்டுக் காட்டும். எங்க சங்கிலி அறுகிறதுன்னு அதை வச்சே பட்டியல் எடுத்திடலாம். ஸ்டாக் அளவையும் சேர்த்து எழுதச் சொல்லலாம், போர்டு வேலைக்கு ரொம்ப உதவும்.

இதுலயும் சந்தேகம் தீரலைன்னா டீபக்கரை மாட்டி, அந்த ஃபங்ஷன்ல பிரேக்பாயிண்ட் வச்சு, பேக்ட்ரேஸ் எடுங்க. அது காட்டுறது அந்த ஒரு ஓட்டத்தில் நடந்தது மட்டும்தான். வேற வழியா யாரும் அழைக்கலைன்னு அதை வச்சுச் சொல்லக் கூடாது.

#8 · கயல்

கருவிகள் பற்றி நல்ல விவரங்கள். இரண்டாவது கேள்விக்கு வருகிறேன், அதுதான் கடினமானது.

என் உறுதியான கருத்து: நான்கு லட்சம் வரிக்கும் ஆவணம் எழுதாதீர்கள். எழுதினாலும் யாரும் பராமரிக்க மாட்டார்கள். மாட்யூல்களுக்கு நடுவே நிற்கும் ஹெடர்களை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு மாட்யூலை இன்னொரு மாட்யூல் எதன் வழியாகத் தொடுகிறதோ, அந்த ஹெடர்கள். டாக்சிஜெனின் இன்புட் பட்டியலில் அவற்றை மட்டும் கொடுங்கள். ஆயிரக்கணக்கான பக்கங்கள் நூற்றுக்குள் வந்துவிடும்.

அந்த ஹெடர்களில் எழுதுவது எப்படி இருக்க வேண்டும் என்பதை ஓர் எடுத்துக்காட்டில் சொல்கிறேன். ஒரு பஃபரில் இருந்து பாக்கெட்டைப் படிக்கும் ஃபங்ஷன். பொதுவாகக் காண்பது இது:

“பாக்கெட்டைப் படிக்கும். பஃபர்: பஃபர். நீளம்: நீளம். திருப்பித் தருவது: நிலை.”

பெயரிலேயே இருப்பதைத் திரும்பச் சொல்கிறது. இதை எழுதாமல் விட்டால் கூட ஒன்றும் குறையாது. வேண்டியது இது:

“நீளம் பைட்டில், கடைசி சுழிய பைட் சேராது. வெற்றியானால் படித்த பைட் எண்ணிக்கை, பஃபர் போதாவிட்டால் எதிர்ம எண்; அப்போது பாக்கெட் வரிசையிலேயே இருக்கும், மீண்டும் அழைக்கலாம். அழைப்பவர் வரிசையின் பூட்டைப் பிடித்திருக்க வேண்டும். இன்டரப்டுக்குள்ளிருந்து அழைக்கக் கூடாது. பஃபரை விடுவிப்பது அழைப்பவர் பொறுப்பு.”

அலகு, எல்லை, தோல்வியில் நிலை என்ன ஆகும், பூட்டு, யார் விடுவிப்பது. இந்த ஐந்தையும் எந்தக் கருவியாலும் டைப்பைப் பார்த்துச் சொல்ல முடியாது. ஏஐ மாடல்களை வைத்துக் கமெண்ட் எழுதச் சொன்னால் சரளமாக வரும், ஆனால் பூட்டைப் பற்றியும் உரிமையைப் பற்றியும் எழுதும் வரிகளை ஒவ்வோர் அழைக்கும் இடத்தோடும் ஒப்பிட்டுப் பார்த்த பிறகே உள்ளே விடுங்கள். தவறான ஒரு பூட்டு வரி, ஆவணமே இல்லாததைவிட அதிகக் கேடு செய்யும்.

ஏன் இப்படி வடிவமைத்தார்கள் என்பது கமெண்டில் அடங்காது. அதற்கு முடிவுக் குறிப்புகள்: ஒரு முடிவுக்கு ஒரு சிறு கோப்பு, சூழல், எடுத்த முடிவு, விளைவு. மைக்கேல் நைகார்ட் 2011-இல் எழுதிய பிறகு பரவலான முறை இது. கோடோடு அதே கிட் களஞ்சியத்தில் வையுங்கள். விக்கியில் வைத்தால் கோட் ஒரு பக்கம் போகும், விக்கி இன்னொரு பக்கம் நிற்கும்.

#9 · அடுக்கு

கயல் சொன்னதில் பாதிக்கு உடன்பாடு. வெளியிடும் ஆவணம் எல்லை ஹெடர்களுக்கு மட்டும் என்பது சரி. ஆனால் புதிதாக வந்து படிப்பவருக்கு உள்ளே உலாவ ஒரு வழி வேண்டும். எல்லோரும் எடிட்டரில் கிளாங்டி அமைத்துக்கொள்ள மாட்டார்கள். சோதனைக் குழுவினர் உலாவியில்தான் பார்ப்பார்கள்.

இரண்டு டாக்சிஃபைல் (டாக்சிஜெனின் அமைப்புக் கோப்பு) வையுங்கள். ஒன்று கயல் சொன்ன கண்டிப்பான ஒன்று. இரண்டாவது ‘எக்ஸ்ட்ராக்ட் ஆல்’, ‘சோர்ஸ் பிரவுசர்’, ‘ரெஃபரன்ஸ்டு பை’ எல்லாம் ஆன் செய்த உலாவல் பதிப்பு. வாரம் ஒரு முறை இரவில் ஓடட்டும், படங்கள் வேண்டாம். இரண்டாவதில் முதலாவதை ‘இன்க்ளூட்’ செய்து, மாறும் வரிகளை மட்டும் எழுதினால் பராமரிக்க எளிது. இயல்பிலிருந்து என்னென்ன மாற்றியிருக்கிறோம் என்று பார்க்க, சிறிய எக்ஸ் ஆப்ஷன் வித்தியாசத்தை மட்டும் காட்டும்.

பத்துப் பேருக்கு மேல் படிக்கிறார்கள் என்றால் இரண்டாவதற்குப் பதில் ஓப்பன்குரோக் (உலாவியில் கோட் தேடும் தளம்) நிறுவலாம். ஜாவா, டாம்கேட், யுனிவர்சல் சிடேக்ஸ் மூன்றும் வேண்டும். பழைய எக்சூபரண்ட் சிடேக்ஸ் 2009-இல் 5.8 பதிப்போடு நின்றுவிட்டது, அதை வைத்து முயலாதீர்கள். தேடலும் கிட் வரலாறும் ஒரே பக்கத்தில் கிடைப்பதுதான் இதன் பெரிய பலன்.

#10 · கயல்

இரண்டு டாக்சிஃபைல் யோசனை நல்லது. உலாவல் பதிப்பின் ஒவ்வொரு பக்கத்திலும் ‘தானாக உருவானது, சரிபார்க்கப்படாதது’ என்று ஒரு வரி தெரியும்படி செய்துவிட்டால் எனக்கு மறுப்பில்லை.

#11 · நெறிப்பான்

பழசாகாமல் இருக்க வழி ஒன்றுதான்: பொய்யான கமெண்ட் பில்டை உடைக்க வேண்டும்.

கிளாங்கில் ‘டாக்குமென்டேஷன்’ என்ற எச்சரிக்கை ஆப்ஷன் இருக்கிறது. கமெண்டில் சொல்லியிருக்கும் பாராமீட்டர் பெயர் ஃபங்ஷனில் இல்லையென்றால் கம்பைல் செய்யும்போதே சொல்லிவிடும். எதையும் திருப்பித் தராத ஃபங்ஷனுக்கு ரிட்டர்ன் எழுதியிருந்தாலும் சொல்லும். உங்கள் கம்பைலர் ஜிசிசி என்றாலும் கவலை இல்லை, ‘டாட் கிளாங்டி’ கோப்பில் ஆட் பட்டியலில் சேர்த்தால் எடிட்டரிலேயே மஞ்சள் கோடு விழும்.

டாக்சிஜெனில் ‘வார்ன் ஆஸ் எர்ரர்’ அமைப்புக்கு ‘ஃபெயில் ஆன் வார்னிங்ஸ்’ என்ற மதிப்பைக் கொடுங்கள். ‘எஸ்’ கொடுத்தால் முதல் எச்சரிக்கையிலேயே நின்றுவிடும், ஒன்றைத் திருத்தி ஓட்டினால் அடுத்தது வரும். முன்னது எல்லா எச்சரிக்கையையும் காட்டி முடித்துவிட்டுத் தோல்வி தரும். ‘வார்ன் நோ பாராம்டாக்’ஐயும் ஆன் செய்யுங்கள்.

முதல் நாளே எல்லா ஹெடருக்கும் இதை வைத்தால் பில்ட் ஒருபோதும் பச்சை ஆகாது. ஒரு வாரத்தில் யாராவது அணைத்துவிடுவார்கள். ஒரு மாட்யூலின் ஹெடர்கள் சுத்தமான பிறகு அதை இன்புட் பட்டியலில் சேருங்கள். பட்டியல் வளரலாம், சுருங்கக் கூடாது.

கோட் பகுப்பாய்வுக்கும் அதே நியதி. கிளாங் டைடியை முழுதாக ஓட்டினால் பல்லாயிரம் எச்சரிக்கை வரும். அதோடு வரும் டிஃப் ஸ்கிரிப்டை வைத்து, மாற்றிய வரிகளுக்கு மட்டும் ஓட்டுங்கள். சிபிபிசெக் தனியாக ஓடும்போது இஃப்டெஃப் கலவைகளைத் தானே முயன்று பார்க்கும், ஆனால் கோப்புக்கு 12 கலவை என்பது இயல்பு வரம்பு. உங்கள் மூன்று வகைக்கு, வகைக்கு ஒரு கம்பைல் டேட்டாபேஸ் கொடுத்து மூன்று முறை ஓட்டுவதே தெளிவானது. ‘பயன்படாத ஃபங்ஷன்’ சோதனையை மட்டும் நம்பி எதையும் அழிக்காதீர்கள். சுட்டி சொன்ன வெக்டர் டேபிள் அசெம்பிளியில் இருந்தால், அந்த ஹேண்ட்லர்களையும் பயன்படாதவை என்றே சொல்லும்.

#12 · வரி_எண்

க்வெரி டிரைவர் கொடுத்ததும் பிழைகள் போய்விட்டன. ‘யாரும் அழைக்காத’ ஃபங்ஷன்களில் பெரும்பாலானவை லிங்கர் செக்‌ஷன் வகை, மேப் கோப்பில் தெரிகிறது.

எல்லை ஹெடர்கள் என்றாலும் எண்ணிக்கை பெரிது. எந்த மாட்யூலில் தொடங்குவது? சோர்ஸ்டிரெயில் என்ற கோட் உலாவும் கருவி பற்றியும் கேள்விப்பட்டேன், பயன்படுமா?

#13 · தொகுப்பி

சோர்ஸ்டிரெயில் அருமையான கருவி, ஆனால் 2021-இல் அதன் உருவாக்குநர்கள் பராமரிப்பை நிறுத்திவிட்டார்கள். உள்ளே இருக்கும் கிளாங் பழசு, புதிய சி++ வசதிகளில் தடுமாறும். புதிதாகத் தொடங்க வேண்டாம். காசு கொடுக்கத் தயார் என்றால் சைடூல்ஸின் அண்டர்ஸ்டாண்ட் பாருங்கள். கலப்பு சி, சி++ புராஜெக்டுக்குப் பொருந்தும்.

#14 · கயல்

எங்கே தொடங்குவது என்பதைக் கிட் வரலாறு சொல்லும். கடந்த ஓர் ஆண்டு கமிட்டுகளில் எந்தக் கோப்பு எத்தனை முறை மாறியது என்று எண்ணுங்கள். லாக் கட்டளையில் கோப்புப் பெயர்களை மட்டும் கேட்டு, வரிசைப்படுத்தி, எண்ணினால் ஒரே வரியில் முடிந்துவிடும். பக்கத்தில் லிசார்ட் ஓட்டி, ஃபங்ஷன்களின் சைக்ளோமேட்டிக் சிக்கல் எண்ணை (உள்ளே எத்தனை கிளை வழிகள் என்ற அளவு) எடுங்கள். மெக்கேப் 1976-இல் முன்வைத்த அளவு. அவர் சொன்ன மேல்வரம்பு 10, லிசார்டின் இயல்பு வரம்பு 15. அடிக்கடி மாறுவதும் சிக்கல் அதிகமுள்ளதும் எந்தக் கோப்புகளில் சேர்ந்து வருகின்றனவோ, அங்கே தொடங்குங்கள். சிக்கல் அதிகம், ஆனால் பல ஆண்டுகளாக யாரும் தொடவில்லை என்றால் விட்டுவிடுங்கள். எண் 80 இருந்தாலும் அது ஒரு நீண்ட ஸ்விட்சாக இருக்கலாம், படிக்க எளிதாகவே இருக்கும்.

கோட் ஏன் இப்படி இருக்கிறது என்று தேட, ப்ளேம் கட்டளையோடு (ஒவ்வொரு வரியும் எந்தக் கமிட்டில் வந்தது என்று காட்டுவது) டபிள்யூ, பெரிய சி இரண்டையும் சேருங்கள். முன்னது வெற்றிட மாற்றங்களைத் தள்ளிவிடும், பின்னது கோப்புவிட்டுக் கோப்பு நகர்த்திய வரிகளின் உண்மையான பிறப்பிடத்தைக் காட்டும். மொத்தமாக ஃபார்மேட் செய்த கமிட் ஒன்று குறுக்கே நிற்கும்; கிட் 2.23 முதல் அத்தகைய கமிட்டுகளை ஒரு கோப்பில் எழுதி ப்ளேமில் தவிர்க்கலாம். லாக் கட்டளைக்குப் பெரிய எல் ஆப்ஷனில் ஃபங்ஷன் பெயரையும் கோப்பையும் கொடுத்தால், அந்த ஒரு ஃபங்ஷனின் வரலாறு மட்டும் முதலிலிருந்து கடைசி வரை வரும்.

#15 · இணைப்பான்

இடையில் ஒன்று. பில்டைச் சுற்றிப் பைத்தான் ஸ்கிரிப்டுகள் நிச்சயம் இருக்கும். அவற்றுக்கு ஸ்ஃபிங்க்ஸ் ஆட்டோடாக் (பைத்தான் கோடிலிருந்து ஆவணம் எடுக்கும் வசதி) வைத்தால், அது மாட்யூலை உண்மையிலேயே இம்போர்ட் செய்யும் என்பதை மறக்க வேண்டாம். மெயின் காவல் இல்லாத ஸ்கிரிப்ட் என்றால் ஆவணம் கட்டும்போதே ஓடத் தொடங்கிவிடும். சீரியல் போர்ட்டைத் திறப்பது, ஃபிளாஷை அழிப்பது எல்லாம் நடக்கும். ஆட்டோஏபிஐ நீட்டிப்பு இம்போர்ட் செய்யாமல் எழுத்தைப் படித்தே வேலை செய்யும். ஆட்டோடாக்தான் வேண்டும் என்றால், இல்லாத லைப்ரரிகளை ‘மாக் இம்போர்ட்ஸ்’ பட்டியலில் போடுங்கள். ஸ்ஃபிங்க்ஸில் பெரிய டபிள்யூ ஆப்ஷன் எச்சரிக்கையைப் பிழையாக்கும்.

சி பகுதியையும் அதே தளத்தில் காட்ட, டாக்சிஜெனின் எக்ஸ்எம்எல் வெளியீட்டை ஆன் செய்து, ப்ரீத் நீட்டிப்பால் ஸ்ஃபிங்க்ஸுக்குள் இழுக்கலாம். எல்லை ஹெடர்கள் அளவுக்கு நன்றாக ஓடும். முழு நான்கு லட்சம் வரியின் எக்ஸ்எம்எல்லைக் கொடுத்தால் மிகவும் மெதுவாகிவிடும்.

#16 · வரி_எண்

மாற்ற எண்ணிக்கையையும் லிசார்டையும் சேர்த்துப் பார்த்ததில் ஏழு கோப்புகள் மேலே நிற்கின்றன. அவற்றில் இரண்டில் இஃப்டெஃப் நான்கு அடுக்கு ஆழம் போகிறது. மூன்று வகைக்கும் மூன்று டேட்டாபேஸ் எடுத்துவிட்டேன். ஆனால் படிக்கும்போது எந்த வரி எந்த வகைக்கு என்று கண் பிடிக்கவில்லை.

#17 · சுட்டி

அந்த ரெண்டு கோப்புக்கு மட்டும் யூனிஃப்டெஃப் ஓட்டுங்க. வகையோட மேக்ரோக்களை பெரிய டி, பெரிய யூ ஆப்ஷன்ல கொடுத்தா, பொருந்தாத கிளைகளை நீக்கி மீதியை அப்படியே தரும். சாதாரண ப்ரீப்ராசசர் மாதிரி ஹெடரை விரிக்காது, மத்த மேக்ரோவைத் தொடாது, கமெண்டும் அப்படியே இருக்கும். நீங்க சொல்லாத மேக்ரோவைப் பத்தின இஃப்டெஃப்பையும் விட்டு வைக்கும். எந்த மேக்ரோ எந்த மதிப்புன்னு தெரியலைன்னா, டேட்டாபேஸில் அந்தக் கோப்போட கட்டளையை எடுத்து, பெரிய இ-யும் டிஎம்-மும் சேர்த்து ஓட்டுங்க. ஆன் ஆகியிருக்கிற எல்லா மேக்ரோவும் பட்டியலா வரும்.

மூணு வகைக்கும் மூணு நகல் எடுத்து, ரெண்டு ரெண்டா டிஃப் பாருங்க. ஒரு எச்சரிக்கை: யூனிஃப்டெஃப் வெளியீட்டை அசல் கோப்பு மேலயே எழுத வைக்கிற ஒரு எம் ஆப்ஷன் இருக்கு, அதைத் தொடாதீங்க. நகலைத் தனி அடைவுல போட்டு, கிட் இக்னோர்ல சேர்த்துடுங்க. சிஸ்கோப் பட்டியல்லயும் அந்த அடைவை விலக்கிடுங்க. இல்லேன்னா ஒவ்வொரு தேடலுக்கும் நாலு விடை வரும்.

#18 · தொகுப்பி

கிளாங்டியிலும் வகை மாற்றி மாற்றிப் பார்க்கலாம். மூன்று ஜேசானையும் தனித்தனி அடைவில் வைத்து, ‘டாட் கிளாங்டி’ கோப்பின் ‘கம்பைலேஷன் டேட்டாபேஸ்’ வரியில் எந்த அடைவு என்று சொல்லுங்கள். வரியை மாற்றிய பிறகு கிளாங்டியை மறுதொடக்கம் செய்துவிடுங்கள். பின்னணி இன்டெக்ஸ் புதிதாகக் கட்டி முடியும்வரை ரெஃபரன்ஸ் தேடல் குறைவாகவே காட்டும். எடிட்டரின் கீழ்ப் பட்டையில் இன்டெக்ஸ் எண்ணிக்கை ஓடி முடிந்த பிறகு தேடுங்கள்.